தொழிற்சங்கக் கிளையின் கணக்கும் கையிருப்பும்: டர்பனில் புதிதாகப் பொருளாளர் ஆனவர்களுக்கு

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறேன். தைக்கும் தொழிற்சாலையில் வேலை. எங்கள் சங்கக் கிளைக்கு ஏழு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். அதற்குப் பிறகு ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்துக் கிளைகளில் புதிதாகப் பொறுப்பேற்ற சிலரோடு உட்கார்ந்து கணக்கு பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களை முதலிலேயே காட்டிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

"கோயில் கமிட்டியில் பத்து வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன், இது என்ன பெரிய விஷயம்" என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பழக்கம் நல்லதுதான், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கோயிலில் செலவு வரும் மாதத்தில்தான் உண்டியலும் நிறையும். காவடி, தீமிதி என்றால் ஜனம் கொடுக்கும். சங்கத்தில் நேர்மாறு. ஸ்ட்ரைக் வந்தால் செலவு ஏறும், அதே நாளில் வரவு நின்றுபோகும். சட்டப்படி நடக்கும் ஸ்ட்ரைக்கிலும் முதலாளி சம்பளம் தர வேண்டியதில்லை. சம்பளம் இல்லையென்றால் சந்தா பிடித்தமும் இல்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சங்கத்தின் விதிப்புத்தகம், அதாவது கான்ஸ்டிட்யூஷன். தென்னாப்பிரிக்காவின் 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் தன் பணத்தை எப்படி வங்கியில் வைக்கும், எப்படி முதலீடு செய்யும், எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்பதை அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கங்களை இரண்டு முறை படியுங்கள். கிளைக்கு எவ்வளவு பங்கு, கிளைக்குழு தானாக எவ்வளவு வரை செலவழிக்கலாம், எதற்குத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பல கிளைகள் தலைமையின் பணத்தைத் தங்கள் பணம் என்று நினைத்துச் செலவழித்துவிட்டு, பிறகு முழிக்கின்றன.

அடுத்து, உங்களைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் மினிட்ஸ், கையெழுத்துகளோடு. இது இல்லாமல் வங்கி உங்களிடம் பேசாது. அப்புறம் உறுப்பினர் பட்டியல், போன தணிக்கை அறிக்கை, கடைசிப் பன்னிரண்டு மாத வங்கி அறிக்கைகள்.

2. பொறுப்பை வாங்கும் நாள்

பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் எண்ணக்கூடாது. இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. பழைய பொருளாளர் பெரியவராக இருப்பார், "அண்ணே, உங்க எதிர்ல எண்ணட்டுமா" என்று கேட்கவே கூச்சமாக இருக்கும். கேளுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு.

மூன்று பேர் உட்காருங்கள்: பழையவர், நீங்கள், குழுவில் இன்னொருவர். ரொக்கத்தை எண்ணுங்கள். அன்றைய வங்கி இருப்பை எழுதுங்கள். யாருக்கு என்ன பாக்கி, யாரிடமிருந்து என்ன வரவேண்டும் என்று எழுதுங்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாதங்களில் ரசீது இல்லாத செலவு இருந்தால் அதை அன்றே "ரசீது இல்லை" என்று எழுதிவிட வேண்டும். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால், ஆறு மாதம் கழித்து அது உங்கள் தலையில் வந்து உட்காரும்.

3. வங்கிக் கணக்கு

கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். யாருடைய சொந்தக் கணக்கிலும், "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்றுகூட, சங்கப் பணம் போகக்கூடாது. அந்த ஆள் இறந்துபோனால் பணம் அவருடைய எஸ்டேட்டுக்குள், அதாவது அவர் விட்டுப்போன சொத்துக்குள், மாட்டிக்கொள்ளும். திருப்பி வாங்குவதற்குள் குடும்பத்தோடும் மனஸ்தாபம் வந்துவிடும்.

செக் இந்த நாட்டில் 2020 முடிவோடு போய்விட்டது. அதனால் "ரெண்டு கையெழுத்து" என்ற பழைய பாதுகாப்பும் பல கிளைகளில் சத்தமில்லாமல் போய்விட்டது. ஒருவர் கைபேசியில் ஆப் வைத்துக்கொண்டு தனியாகவே பணம் அனுப்புகிறார். வங்கியில் கேட்டு, ஒருவர் பதிவு செய்து இன்னொருவர் அனுமதித்தால்தான் பணம் நகரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடாது. பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொண்டால் இரட்டை அனுமதிக்கு அர்த்தமே இல்லை.

யாராவது "எங்கள் வங்கி எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் அனுப்பினால், அதில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. உங்கள் வேலையிடத்தில் உறுப்பினர் அல்லாதவர்களிடமும் சந்தாவுக்குப் பதிலாக ஏஜென்சி கட்டணம் பிடிக்கும் ஒப்பந்தம் இருந்தால், அந்தப் பணத்தைச் சட்டப்படி தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும். சந்தாவோடு கலக்கக்கூடாது.

4. சந்தாவை மாதாமாதம் சரிபார்த்தல்

பொருளாளர் வேலையில் பாதி இதுதான். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. "பணம் வந்துவிட்டது" என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

உறுப்பினர் எழுதிக் கொடுத்த அனுமதியின்பேரில் முதலாளி சம்பளத்தில் சந்தா பிடிக்கிறார். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். கூடவே யார் யாரிடம் எவ்வளவு பிடித்தார், எந்தக் காலத்துக்கு என்ற பட்டியலும், யாராவது விலகல் கடிதம் கொடுத்திருந்தால் அதன் பிரதியும் தர வேண்டும். இவ்வளவும் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பல சங்கங்களில் பணம் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கிளைப் பங்கு வரும். அப்படியானாலும் பட்டியலின் பிரதியை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். உங்கள் தொழிற்சாலையில் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று தலைமைக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

சரிபார்க்கும் முறை: உங்கள் பதிவேட்டை இடப்பக்கம், முதலாளியின் பட்டியலை வலப்பக்கம் வைத்து, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்குங்கள். முடிந்ததும் பட்டியலின் மொத்தத்தை வங்கியில் வந்த தொகையோடு ஒப்பிடுங்கள்.

ஒரு முறை எங்கள் பதிவேட்டில் 178 பேர். மாதச் சந்தா 80 ரேண்ட், ஆக 14,240 வந்திருக்க வேண்டும். வந்தது 13,920. வித்தியாசம் 320. அதை 80ஆல் வகுத்தேன், 4 பேர் குறைகிறார்கள் என்று தெரிந்தது. (வகுத்தால் முழு எண் வராவிட்டால் யாரோ ஒருவருக்குத் தொகையே தவறாகப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள்.) நான்கு பேரில் இருவர் பேறுகால விடுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு யூஐஎஃப், அதாவது அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி, வழியாகப் பணம் வரும், தொழிற்சாலைச் சம்பளம் இல்லை, அதனால் பிடித்தமும் இல்லை. ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நான்காவது ஒரு அக்கா, வேறு பிரிவுக்கு மாறியவர். டிபன் நேரத்தில் அவரிடம் பேஸ்லிப்பை, அதாவது சம்பளச் சீட்டை, கேட்டேன். கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தார். சந்தா 80 ரேண்ட் என்று தெளிவாக அச்சாகியிருந்தது. மூன்று மாதமாக அவரிடம் பிடித்திருக்கிறார்கள், பட்டியலில் அவர் பெயர் இல்லை, பணமும் வரவில்லை.

சம்பளப் பிரிவுக்கு எழுத்தில் கேட்டோம், மூன்று பேஸ்லிப் பிரதிகளோடு. பிரிவின் குறியீட்டு எண் மாறியதில் விட்டுப்போனது என்று சொல்லி 240 ரேண்டையும் அடுத்த மாதம் சேர்த்து அனுப்பினார்கள். தொகை சின்னது. ஆனால் அந்த அக்காவுக்கு நடுவில் ஒரு ஒழுங்கு விசாரணை வந்திருந்தால், "நீங்கள் சந்தா கட்டவில்லை" என்று சங்கமே அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பெயர் பெயராகப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இங்கே இன்னும் இரண்டு தவறுகள் நடக்கும்.

ஒன்று, விலகியவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அழிப்பது. அழிக்காதீர்கள். கோடு போட்டு, தேதி எழுதுங்கள். தனியார் நிறுவனத்தில் பிடித்தத்தை நிறுத்த ஒரு மாதம் முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அரசுத் துறையில் மூன்று மாதம். அந்த இடைக்காலத்தில் அவர் சந்தா வரத்தான் வேண்டும்.

இரண்டு, பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. ஒருவர் சங்க உறுப்பினர் என்பதே இந்த நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், அதாவது போப்பியாவில், சிறப்புப் பாதுகாப்பு பெற்ற தகவல். பட்டியல் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

5. செலவு

விதி ஒன்றே: தாள் இல்லாமல் பணம் நகராது. செலவுக்கு முன் அனுமதி, செலவுக்குப் பின் ரசீது, இரண்டையும் ஒரே வவுச்சரில் பின் அடித்து எண் போடுங்கள்.

மினிபஸ் டாக்ஸியில் ரசீது தரமாட்டார்கள். அதற்கு ஒரு சின்னப் படிவம் வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, தொகை, பயணித்தவர் கையெழுத்து. தணிக்கையாளர் அதை ஏற்றுக்கொள்வாரா என்று ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கைச்செலவுக்கு ஒரு நிலையான தொகை, 500 ரேண்ட் என்று வையுங்கள். எப்போது பெட்டியைத் திறந்தாலும் ரொக்கமும் வவுச்சரும் சேர்த்து 500 வரவேண்டும். செலவான அளவுக்கு மட்டும் வங்கியிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். சந்தாவாக யாராவது ரொக்கம் கொடுத்தால் அதை இந்தப் பெட்டியில் போடாதீர்கள். ரசீது கொடுத்து நேராக வங்கியில் போட வேண்டும். இரண்டும் கலந்தால் எது வரவு, எது செலவு என்று பிறகு பிரிக்கவே முடியாது.

6. கையிருப்பு எவ்வளவு வேண்டும்

"மிஞ்சியதைச் சேர்ப்போம்" என்று சொல்லும் கிளையில் எதுவும் மிஞ்சாது. முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகு செலவு செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு 180 உறுப்பினர், 80 ரேண்ட் சந்தா, கிளைப் பங்கு 30 சதவீதம் என்று வைப்போம். மாதம் 14,400இல் கிளைக்கு 4,320. மாதாமாதம் தவிர்க்க முடியாத செலவு: கூட்ட மண்டபம் 900, டாக்ஸி 800, ஏர்டைமும் டேட்டாவும் 350, நகல் எடுக்க 250, வங்கிக் கட்டணம் 150. மொத்தம் 2,450. மீதி 1,870. அதில் 370ஐ எதிர்பாராத சில்லறைச் செலவுக்கு விட்டால், 1,500 ஒதுக்கலாம்.

இப்போது முதல் இலக்கு: வரவே இல்லாமல் ஆறு மாதம் கிளை நடக்க எவ்வளவு வேண்டும்? 2,450ஐ 6ஆல் பெருக்கினால் 14,700. மாதம் 1,500 வீதம் சுமார் பத்து மாதம் ஆகும். ஆனால் டிசம்பர் நடுவில் தொழிற்சாலை மூடி ஜனவரியில் திறக்கும்போது சந்தா வரவு தடுமாறும். எங்கள் இடத்தில் விடுமுறைச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்த மாதங்களில் சில பிடித்தங்கள் விட்டுப்போய், பிப்ரவரியில்தான் நேரானது. ஆகவே ஓர் ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் எதற்கு, ஸ்ட்ரைக் அவ்வளவு நாள் நடக்காதே என்று கேட்பார்கள். ஸ்ட்ரைக் மூன்று வாரத்தில் முடியலாம். ஆனால் அதற்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தால்? 180 பேர் 120 ஆனால் கிளைப் பங்கு 2,880ஆகக் குறையும். மண்டப வாடகை குறையாது. புதிய நிலைமைக்கு ஏற்பச் செலவை மாற்றியமைத்துக்கொள்ள நேரம் வேண்டும். ஆறு மாதம் அந்த நேரத்தைத் தருகிறது.

இரண்டாவது இலக்கு இடர் உதவி நிதி. இதில் உண்மையைப் பேசுங்கள். இந்த அளவுக் கிளை ஸ்ட்ரைக்கில் யாருக்கும் சம்பளத்துக்கு ஈடாகப் பணம் தர முடியாது. 180 பேருக்கும் ஆளுக்கு 300 ரேண்டுக்கு அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய் என்று ஒரே ஒரு முறை கொடுத்தாலே 54,000 வேண்டும். ஆனால் வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லாத 40 குடும்பங்களுக்கு என்றால் 12,000 போதும். அது எட்டு மாத ஒதுக்கீடு, எட்டிப் பிடிக்கக்கூடிய இலக்கு. அந்த 40 பேர் யார் என்பதற்கான அளவுகோலை அமைதியான காலத்திலேயே கூட்டத்தில் எழுதி முடிவு செய்துவிடுங்கள். தொழிற்சாலை வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்கும்போது முடிவு செய்யப் போனால், முகம் பார்த்துக் கொடுத்தார்கள் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு சங்கத்தை உடைக்கும்.

இரண்டு இலக்கையும் ஒரே நேரத்தில் துரத்தாதீர்கள். முதலாவது நிறைந்த பிறகு இரண்டாவது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டப்படி நடைமுறைகளை முடிக்காமல், 48 மணி நேர முன்னறிவிப்பும் இல்லாமல் ஸ்ட்ரைக்கில் இறங்கினால், நஷ்டத்துக்கு நியாயமான இழப்பீடு தரும்படி தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆண்டுக்கணக்கில் சேர்த்தது அதில் போய்விடக்கூடும். குழு கூடிப் பேசும்போது பொருளாளர் இதை எழுந்து சொல்ல வேண்டும், பிடிக்காவிட்டாலும்.

7. எங்கே வைப்பது, யார் தொடலாம்

தினசரிக் கணக்கிலேயே கையிருப்பை வைத்தால் அது செலவாகிவிடும். தனிக் கணக்கு திறந்து, மாதத் தொடக்கத்தில் பணம் தானாகவே மாறும்படி போடுங்கள். பாதியை உடனே எடுக்கக்கூடிய சேமிப்பிலும், பாதியை 32 நாள் நோட்டீஸ் கணக்கிலும் வைப்பது எனக்குச் சரியாகப் பட்டது. 32 நாள் காத்திருக்க வேண்டும் என்பதே அவசர ஆசைகளுக்கு ஒரு வேலி. முழுவதையும் அதில் போட்டால் நிஜ அவசரத்துக்குக் கை நீட்ட முடியாது.

மாதம் பெருத்த லாபம் தருவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்திலும், யார் சொன்னாலும், சங்கப் பணம் போகக்கூடாது. விதிப்புத்தகத்தில் அனுமதித்த முதலீடு எதுவோ அது மட்டும்.

கையிருப்பைத் தொட உறுப்பினர் கூட்டத்தின் தீர்மானம் வேண்டும் என்று எழுதி வையுங்கள். எதற்காக, எவ்வளவு, எத்தனை மாதத்தில் திருப்பி நிரப்புவோம் என்ற மூன்றும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதாத கிளையில் பணம் திரும்ப வந்ததை நான் பார்த்ததில்லை.

8. கடனும் சாவு உதவியும்

உறுப்பினருக்குக் கடன் கொடுக்காதீர்கள். கேட்பவர் நம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவர், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்பார், மறுப்பது கஷ்டம், தெரியும். ஆனால் வட்டி வாங்கினால் தேசியக் கடன் சட்டத்தின்படி கடன் தருபவராகப் பதிவு செய்ய வேண்டிய சிக்கல் வரும். வட்டி இல்லாமல் கொடுத்தால் திரும்பி வராது, கொடுத்தவரும் வாங்கியவரும் பேசிக்கொள்ளாமல் போவார்கள். வேண்டுமென்றால் நண்பர்கள் சேர்ந்து தனியாகச் சீட்டோ ஸ்டாக்வெலோ போட்டுக்கொள்ளட்டும். அதற்கும் சங்கக் கணக்குக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது.

சாவு வீட்டுக்கு உதவி என்பது வேறு. அதை மறுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் "மாதம் 20 ரேண்ட் கட்டினால் சாவுக்கு 10,000 தருவோம்" என்று கிளை வாக்குக் கொடுக்கக்கூடாது. அப்படி வசூலித்து உறுதி தருவது காப்பீட்டுத் தொழிலாகக் கருதப்படலாம், அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் குழுத் திட்டத்தில் சேரலாம். அல்லது குழு முடிவு செய்யும் ஒரே அளவு அன்பளிப்பு, எல்லாருக்கும் சமமாக, வரவு செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்கியது. அதைக் கொண்டுபோகும்போது இரண்டு பேர் போங்கள். அந்த வீட்டில் ரசீதில் கையெழுத்து கேட்க மனம் வராது. அதனால் வங்கி வழியாகவே அனுப்பிவிட்டு, போகும்போது வெறுங்கையோடு போய்க் கூட உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.

9. மாத அறிக்கையும் ஆண்டுத் தணிக்கையும்

மாத அறிக்கை ஒரே பக்கம்: தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு, கையிருப்பு நிலவரம். வங்கி அறிக்கையை அதோடு இணைத்துக் காட்டுங்கள். கூட்டத்தில் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். தமிழில் கேட்டால்தான் மனதில் ஏறும் வயதான அக்காமார் எங்கள் கிளையில் இருந்தார்கள், அவர்களுக்கு நான் தனியாக உட்கார்ந்து சொல்வேன். கேள்வி கேட்பவர்களில் அவர்கள்தான் கெட்டி.

தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 98ஆம் பிரிவுப்படி நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் சங்கம் வரவு செலவு அறிக்கையும் ஐந்தொகையும் தயாரிக்க வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கையும் செய்ய வேண்டும். தணிக்கை அறிக்கை கைக்கு வந்த 30 நாளில் அதன் பிரதி தொழிலாளர் உறவுப் பதிவாளருக்குப் போக வேண்டும். டிசம்பர் 31 நிலவரப்படி உறுப்பினர் எண்ணிக்கையைச் சங்கச் செயலாளர் சான்றளித்து மார்ச் 31க்குள் தெரிவிக்க வேண்டும். இதைத் தலைமை அலுவலகம் செய்யும். ஆனால் ஒரு கிளை தாள் அனுப்பாமல் தாமதித்தால் முழுச் சங்கத்தின் கணக்கும் நிற்கும்.

அதனால் ஜனவரி முதல் வாரத்திலேயே உறுப்பினர் எண்ணிக்கையை முடித்து அனுப்புங்கள். வவுச்சர், சந்தாப் பதிவு, வங்கி அறிக்கை எல்லாவற்றையும் அந்தந்த நிதியாண்டு முடிந்து மூன்று ஆண்டுகள் வைத்திருப்பது சட்டம். நான் ஐந்து வைத்திருந்தேன். டர்பன் ஈரத்தில் தாள் பூசணம் பிடிக்கும், வெப்பத்தாளில் அச்சான கடை ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

10. நீங்கள் பொறுப்பை விடும் நாள்

இரண்டாம் படியில் நீங்கள் உட்கார்ந்ததுபோலவே மூன்று பேராக உட்காருங்கள், இப்போது எதிர்ப்பக்கத்தில். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்தான பிறகு வங்கிக்கு நேரில் போய், உங்கள் பெயரை நீக்கியதற்கு எழுத்துச் சான்று வாங்குங்கள். ஆப்பில் இருந்து வெளியேறினால் போதும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெயர் இருக்கும்வரை பொறுப்பும் இருக்கிறது. புதியவரோடு முதல் மாதச் சந்தாப் பட்டியலுக்கு மட்டும் கூட உட்காருங்கள், ஸ்கேல் அவர் கையில் இருக்கட்டும்.